அரைநூலாரின் நான்கு சக்கரங்கள்

தெருவில் போகிற எந்த வண்டியின் சக்கரம் ஆடினாலும், தன்னைத்தான் யாரோ சாடையாகத் திட்டிவிட்டுப் போகிறார்கள் என்று அரைநூலாருக்குத் தோன்றும். கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைப்பார். "நிறுத்துய்யா வண்டியை!" என்பார். நிறுத்துகிறவர்களும் உண்டு, பயந்துபோய்த்தான். "முன்சக்கரம் ஒரு நூல் ஆடுது. வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்களா இல்லையா உனக்கு?" என்று கேட்பார். முன்பின் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டால் அங்கேயே சக்கரத்தைக் கழற்றிவிடுவாரோ என்ற பயம்.

பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சாதாரண மனிதர்கள் அதற்குக் கீழே இருப்பதைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் அவர்களுக்கு ரத்த அழுத்தம் இல்லை. இவர் அரை நூலுக்கும் சண்டைக்கு நிற்பார், அதனால் அரைநூல். ஐம்பது வயதைத் தாண்டி, முன்மண்டை பளபளத்து, பார்க்க ஒரு மரியாதை வந்தபிறகு 'ஆர்' வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. மின்கட்டண ரசீதில் அது பத்திரமாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் பேருந்துப் பணிமனையில், சக்கரப் பிரிவில் இருந்தவர். ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சக்கரங்கள் ஒன்றரை நூல் வரை ஆடுவது ஏற்கத்தக்கது என்று அதில் இருந்தது. அரைநூலார் அதை மூன்று முறை படித்தார். பிறகு ஒரு பதில் எழுதினார்: 'ஒன்றரை நூல் ஆடலாம் என்று கையெழுத்திட்ட அதிகாரி, தன் நாற்காலியின் ஒரு காலில் ஒன்றரை நூல் அறுத்துவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.' எழுதியதோடு விட்டிருக்கலாம். போய் அறுத்தும் விட்டார். அதன்பிறகு நடந்ததை அவர் ராஜினாமா என்று சொல்வார். பணிமனையில் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்கள்.

அப்படித்தான் சொந்தப் பட்டறை வந்தது. ஒன்றரைக் கார் அகலத்தில் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்துக் கடை பஞ்சர் ஒட்டுகிறவருடையது. அவரை ஊரே 'காத்து' என்றுதான் கூப்பிடும். டயருக்குக் காற்றடிக்கிற தொழில் என்பதோடு, வாயிலிருந்து எதுவும் உள்ளே தங்காது என்பதும் காரணம்.

கொட்டகையின் நடுவில், பழைய லாரியின் அச்சு ஒன்றைத் தரையில் காரை போட்டு நிறுத்தியிருந்தார் அரைநூலார். வருகிற சக்கரம் அதில் ஏறும். விளிம்புக்கு அருகே ஒரு கூர் ஆணியை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிடுவார். ஆணிக்கும் விளிம்புக்கும் இடையே இருக்கிற சந்து சுற்று முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாக்கி, மரச்சுத்தி, தீ, கொஞ்சம் திட்டு. நெளிவு எடுத்ததும் கடைசிச் சோதனை விரல். கண்ணை மூடிக்கொண்டு வலது ஆள்காட்டி விரலால் இரும்பு முழுவதையும் தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் சாயும். விரல் யாருக்கும் பயப்படாது" என்பார். விரலுக்குக் குழி தட்டுப்பட்டால் ஈயத்தை உருக்கி அடைத்து, அரம் போட்டு, தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்து, மறுபடி கண்ணை மூடுவார். படிக்கிற கண்ணாடி ஒன்று அவருக்கு உண்டு. வேலை நேரத்தில் அது வீட்டில் இருக்கும்.

இந்த மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று அவர் மனைவியைக் கேட்டால், "எங்க வீட்டுல பாத்திர மூடி ஆடாது, மின்விசிறி ஆடாது, மேஜை ஆடாது. எனக்குத் தலை சுத்தினாகூட நேராத்தான் சுத்தணும்" என்பார்.

அரைநூலாருக்கு ஒரே ஒரு அக்கா. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தில் செடி வளர்த்து, தொட்டியோடு விற்கிறவர். அவரிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி. முன்பக்கம் இரண்டு மண்காப்பும் தவளை முழங்கால் மாதிரி உருண்டு நிற்கும். பாசத்தால் அதை வைத்திருக்கிறார் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும்.

"பாசமாவது மண்ணாவது. புது வண்டியெல்லாம் போய்ப் பார்த்தேன். தொட்டியைத் தூக்கி வைக்கணும்னா சுமை ஏத்துற தளம் என் நெஞ்சு உயரத்துல இருக்கு. இதுல இடுப்பு உயரம். இருபது கிலோ தொட்டியை நான் ஒருத்தியே வச்சு எடுப்பேன். இந்த வண்டி போச்சுன்னா ரெண்டு ஆள் வைக்கணும். ரெண்டு ஆள் வச்சா செடி விக்க வேணாம், அவங்களையே பார்த்துட்டு உக்கார்ந்திருக்கலாம்."

இப்படி இருக்கையில், அந்த வருஷம் அரசாங்கத்துக்குச் சுற்றுச்சூழல் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட வண்டிகளையெல்லாம் நொறுக்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அதே மூச்சில் பழமை மேலும் பாசம் வந்ததால், 'பாரம்பரிய வாகனம்' என்று சான்று வாங்கியவற்றுக்கு மட்டும் உயிர்ப்பிச்சை கொடுத்தார்கள். சான்றுக்கு வண்டி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். முக்கியமான பாகங்கள் அசலாக இருக்க வேண்டும். ஆய்வுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் அங்கிருந்தே நொறுக்குமிடத்துக்கு.

முதல் ஆய்வுக்கு அக்கா தனியாகப் போனார். 'சக்கரங்கள் நான்கும் துருப்பிடித்து, ஆடுகின்றன. நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தைப் படித்த அரைநூலார் கொதித்துப்போனார். அதிலும் கொடுமை, எழுதியிருந்தது உண்மை. சக்கரத்தை ஆணியில் வைத்துப் பார்த்தார். இரண்டரை நூல்.

"ஏன்கா, தம்பி சக்கரக் கடை வச்சிருக்கான். அக்கா வண்டிச் சக்கரம் ஆடுதுன்னு அரசாங்கம் எழுதிக் குடுக்குது. நான் எப்படித் தெருவுல நடக்குறது? முன்னாடியே என்கிட்ட கொண்டுவர வேண்டியதுதானே?"

"உன்கிட்ட குடுத்தா ஆறு மாசம் ஆகுமேடா."

"என்னக்கா பேசுற? நாலு சக்கரத்துக்கு ஆறு மாசமா?"

ஆறு மாதம் ஆயிற்று.

ஆனால் என்ன வேலை! சலவைச் சோடா கரைத்த தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொரு சக்கரத்தையும் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் கம்பியை மாட்டி, துருவைப் பொருக்குப் பொருக்காகக் கழல வைத்தார். நடுத்தட்டையும் விளிம்பையும் சேர்த்துப் பிடித்திருந்த ஆணிகள் தளர்ந்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்துப் புதிதாக அடித்தார். நெளிவு எடுத்தார். பிறகு கண்ணை மூடி விரலை ஓட்டினார். துரு தின்ற குழிகள் அங்கங்கே இருந்தன. ஆனால் ஒரு விஷயம் அவரை வெகுண்டெழ வைத்தது. நான்கு சக்கரத்திலும், இரண்டு போல்ட் ஓட்டைகளுக்கு நடுவில், அதே இடத்தில் வரிசையாகக் குழிகள்.

அவ்வளவுதான், காத்துக்கும் டீக்கடைக்கும் ஒரு மாதம் அதுதான் செய்தி.

"கம்பெனிக்காரன் பண்ண வேலையைப் பாருங்க. மத்த எடமெல்லாம் நல்ல இரும்பு. இந்த எடத்துல மட்டும் மட்டமான இரும்பைப் போட்டுருக்கான். நாலுலயும்! அப்பவே திருட்டுத்தனம். போல்ட் ஓட்டைக்கு நடுவுல யார் பார்க்கப்போறாங்கன்னு நெனச்சான் பாரு."

"இரும்பை எடத்துக்கு எடம் மாத்திப் போட முடியுமாப்பா?" என்றார் காத்து.

"உனக்குக் காத்தைத் தவிர என்ன தெரியும்?"

அந்தக் குழிகளை அவர் தனி வைராக்கியத்தோடு அடைத்தார். ஈயம் வழவழவென்று இரும்போடு இரும்பாகச் சேர்ந்துபோனது. மேலே பாலாடை நிறத்தில் மூன்று பூச்சு. கடைசியாக, சக்கரத்தை அச்சில் ஏற்றி மெதுவாகச் சுற்றவிட்டு, மெல்லிய தூரிகையை அசையாமல் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டார். சக்கரம் தானே சுற்றித் தானே தன்மேல் ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொண்டது. ஆரம்பித்த இடம் எது, முடிந்த இடம் எது என்று அவருக்கே தெரியாத கோடு. அப்படி நான்கு.

சக்கரத்துக்கே உயிரைக் கொடுத்துவிட்டதால் மற்ற வேலைகள் அவசரத்தில் நடந்தன. தளத்தில் ஏறி நிற்க ஒரு படி வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். உடைப்புக்குப் போன ஒரு பேருந்தின் படிக்கட்டுத் தகட்டை வெட்டி, வளைத்து, பின்பக்கம் பொருத்தினார். பெயின்ட் அடிக்க நேரமில்லை. ஒரு மழைக்காலம் அதன்மேல் பெய்து செம்மையாகத் துருப்பிடித்துவிட்டது. உடைந்திருந்த பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பதில் ஒரு டிராக்டரின் கண்ணாடி. இந்த இரண்டையும் நினைத்தால் அரைநூலாருக்கு வெட்கம். "சான்று வாங்கினதும் மொத வேலையா இதைக் கழட்டி எறிஞ்சிட்டு ஒழுங்கா பண்ணித் தரேன்கா" என்று சொல்லியிருந்தார்.

இரண்டாம் ஆய்வு ஒரு புதன்கிழமை காலை. ஆய்வு மைதானம் ஊர்க்கோடியில். சுற்றிலும் கம்பி வேலி. வேலியின் ஒரு பக்கம் அலுவலகம், மறுபக்கம் நொறுக்குகிற இயந்திரம். மனுப்போட வருகிறவர்கள் கண்குளிரப் பார்க்கட்டும் என்றே அப்படி வைத்தார்களோ என்னவோ. அக்கா ஓட்டினார், அரைநூலார் பக்கத்தில், டயர் ஏதாவது மக்கர் பண்ணினால் வேண்டும் என்று காத்தும் பின்னால் தளத்தில்.

ஆய்வாளர் மரியாதையான மனிதர். சட்டைப்பையில் நான்கு பேனா. கையில் பட்டியல் ஒட்டிய அட்டை. அக்குளில் பழைய வண்டிகளின் படம் போட்ட தடித்த புத்தகம். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே 'அசல்' என்றோ 'போலி' என்றோ டிக் போட வேண்டும்.

வண்டியைச் சுற்றி வந்தார். டிராக்டர் கண்ணாடி முன்னால் நின்று தலையை ஆட்டினார். "அந்தக் காலத்துக் கண்ணாடி. அந்த கனம் இப்ப எங்க வருது?" டிக். பின்னால் போனார். படியைப் பார்த்ததும் குனிந்தே விட்டார். துருவை நகத்தால் சுரண்டி, முகர்ந்தும் பார்த்தார்.

"ஆகா. இது அசல். தொட்டாலே தெரியுது."

அக்கா பெருமூச்சு விட்டார். அரைநூலாருக்கு விட முடியவில்லை. அவர் முகம் சிவந்தது. பேசாமல் இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். பேசாமல் இருப்பது அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்காத வித்தை.

"சார், அது அசல் இல்லை. போன மழைக்கு முன்னாடி நான் பண்ணது. பஸ் படிக்கட்டுத் தகடு."

அக்கா அவர் காலை ஓங்கி மிதித்தார். ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நல்ல தமாஷ். இந்த மாதிரி வேலை இப்ப யாருக்குய்யா வரும்?"

டிக்.

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, அவமானமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அரைநூலார் வாயைத் திறந்து மூடினார். அதற்குள் ஆய்வாளர் சக்கரத்துக்கு வந்துவிட்டார். முன்சக்கரத்தைப் பார்த்தார். பின்சக்கரத்தைப் பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டி, ஆரம்பத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

"புதுச் சக்கரம். போலி."

"என்ன சார் சொல்றீங்க?"

"பார்த்தா தெரியலையா? ஒரு துரு இல்லை, ஒரு நெளிசல் இல்லை. ஐம்பது வருஷச் சக்கரம் இப்படியா இருக்கும்? எங்கேயோ நகல் செஞ்சு வாங்கி மாட்டியிருக்கீங்க. சக்கரம் முக்கியப் பாகம். சக்கரம் போலின்னா மனு தள்ளுபடி." வேலிக்கு அந்தப் பக்கம் அவர் கை காட்ட வேண்டிய அவசியமே இல்லை, இயந்திரம் அப்போதுதான் யாருடைய காரையோ கடித்தது.

அக்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் அரைநூலார். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. பணிமனையில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் ஓடியிருப்பார்கள். "போன தடவை துரு இருக்குன்னு தள்ளினீங்க. இந்தத் தடவை துரு இல்லைன்னு தள்ளுறீங்க. இந்த ஆறு மாசத்துல எந்தத் தேதியில வந்திருந்தா சரியா இருந்திருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க. நாள் குறிச்சு வச்சுக்கிறேன்."

ஆய்வாளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். கிண்டலுக்கு இல்லை, உண்மையாகவே. "அப்படி எதுவும் விதியில போடலையே."

"சார், இது அதே சக்கரம் சார். என் தம்பிதான் சரி பண்ணான்" என்றார் அக்கா.

"அசல்னா எண் இருக்கணும்மா." ஆய்வாளர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "இந்த மாடலுக்கு ரெண்டு போல்ட் ஓட்டைக்கு நடுவுல ஏழு இலக்கம் அடிச்சிருக்கும். நாலுலயும். இதோ படம். உங்க சக்கரத்துல எங்கே?"

அரைநூலார் சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஆள்காட்டி விரலை இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் வைத்தார். வழவழவென்று இருந்தது. வழவழப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பதை அந்த விரல் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. ஒரு வளைந்த குழி. ஒரு நீளக் குழி. இரண்டு வட்டக் குழிகள், ஒன்றின்மேல் ஒன்று. மொத்தம் ஏழு.

அவர் காது நுனி வரை சூடேறியது.

"ஏம்ப்பா" என்று வண்டித் தளத்திலிருந்து ஒரு குரல். காத்துதான். "நீ ஒரு மாசமா சொல்லிட்டு இருந்தியே, மட்டமான இரும்புன்னு, அந்த எடம்தானே அது?"

"வாயை மூடு."

"நாலுலயும் அதே எடம்னியே."

"மூடுன்னா மூடு!"

ஆய்வாளரின் புருவம் ஏறியது. "கம்பெனி எண்ணை அழிச்சிட்டீங்களா? அது தனிக் குற்றமாச்சே!"

"அழிக்கல சார்" என்று அக்கா குறுக்கே விழுந்தார். "மூடி வச்சிருக்கான். பத்திரமா இருக்கட்டும்னு." பிறகு தம்பி பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய். திறக்க முடியுமா, முடியாதா?"

"அவன் லேசா அடிச்சிருக்கான்கா. ஒழுங்கா ஆழமா அடிச்சிருந்தா எண்ணுன்னு தெரிஞ்சிருக்கும். இப்படிப் பட்டும் படாம அடிச்சா மனுஷன் குழின்னுதான் நெனப்பான். தப்பு யார் மேல?"

"நான் அதைக் கேக்கல. திறக்க முடியுமா?"

"ஈயத்தை உருக்கணும்."

"உருக்கு."

"பெயின்ட் கருகிடும்."

"கருகட்டும்."

"கோடு போயிடும்கா."

அக்கா தளத்தின் விளிம்பில் கையை ஊன்றி நின்றார். விளிம்பு சரியாக அவர் இடுப்பளவில் இருந்தது.

வேலிக்கு எதிரே ரேடியேட்டர் ஒட்டுகிற கடை ஒன்று இருந்தது. அங்கிருந்து தீக்குழாயும் வாயு உருளையும் இரவல் வந்தன. காத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, காற்றை இறக்கி, டயரைப் பிரித்து எடுத்துவிட்டு, "இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தியா? உன் வேலையை நீயே எரிக்கிறதைப் பார்க்க டிக்கெட்டே போடலாம்" என்றார். அரைநூலார் கேட்காதது போல் தீயைப் பற்றவைத்தார்.

பாலாடை நிறம் முதலில் மஞ்சளாயிற்று, பிறகு பழுப்பு, பிறகு கொப்புளம் போட்டுக் கருகியது. சிவப்புக் கோடு ஒரு பக்கத்தில் சுருண்டு கரியாகிவிட்டது. மூக்கைத் துளைக்கிற நாற்றம். ஈயம் வியர்க்கிற மாதிரி மினுங்கி, துளியாகத் திரண்டு, வழிந்தது. பருத்தித் துணியால் ஒரே இழுப்பில் வழித்து, சூடு ஆறுவதற்குள் கம்பித் தூரிகை போட்டார். கரிக்கு நடுவில் வெள்ளி வெள்ளியாக ஏழு இலக்கங்கள் எழுந்து நின்றன. மட்டமான இரும்பு என்று யாரும் சொல்லிவிட முடியாத, அழகான எண்கள்.

"அட!" என்றார் ஆய்வாளர். புத்தகத்தைப் பார்த்து ஒப்பிட்டார். "அசல்தான். ரொம்பச் சந்தோஷம். அடுத்தது."

"ஒண்ணு பார்த்தா போதாதா சார்?" என்றார் அக்கா.

"நாலு சக்கரத்துக்கு நாலு கட்டம் இருக்கேம்மா."

இரண்டாவது எரிந்தது. மூன்றாவது எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் காத்து காற்றை இறக்கி, ஆறியதும் டயரை மாட்டிக் காற்றடித்து, நடுவில் ஒவ்வொரு கேள்வி கேட்டார். "இந்த ரெண்டாவது எட்டை அடைக்க எத்தனை நாளாச்சுப்பா?" அரைநூலார் பல்லைக் கடித்தார். ஆறு மாதத்தில் செய்ததை ஒரு காலைப்பொழுதில் எரிக்கிறவன் இந்த உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். எரிக்கச் சொன்னவனுக்கு எதிரில் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்பதை நினைத்தால் தீக்குழாயைத் திருப்பிவிடலாமா என்றும் இருந்தது. திருப்பவில்லை.

நான்காவது சக்கரம். ஈயம் வழிந்தது. துணி, தூரிகை. ஏழு இலக்கங்களும் வந்தன.

அரைநூலார் உற்றுப் பார்த்தார்.

கோணல்.

முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம் வரைக்கும் போவதற்குள் வரிசை கீழே சரிந்திருந்தது. ஒன்றரை நூல். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், எந்தச் சோம்பேறியோ, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அடித்தது. அதைத்தான் இத்தனை நாள் தன் கையால் மூடிப் பாதுகாத்திருக்கிறார்.

ஆய்வாளரும் குனிந்தார். புத்தகத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். படத்தில் எண்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தன. டிக் போடப் போன பேனா நின்றது.

"இது கொஞ்சம் சாய்வா இருக்கற மாதிரி இல்லை? கம்பெனியில இப்படி அடிப்பாங்களா? யாராவது பின்னாடி கையால அடிச்சதா இருக்குமோ?" பேனாவின் முனை 'போலி' பக்கம் நகர்ந்தது. பிறகு அவர் நிமிர்ந்தார். "நீங்க சக்கரக்காரர். நீங்களே சொல்லுங்க. நேரா, கோணலா?"

காத்துகூட வாயை மூடிக்கொண்டார். இயந்திரம் என்ன காரணத்தாலோ அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் தளத்தின் விளிம்பை விடவில்லை.

அரைநூலாரின் தொண்டையில் அந்தச் சொல் வந்து நின்றது. ஐம்பத்து மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அதை விழுங்கியதில்லை. எப்படி விழுங்குவது என்றே தெரியவில்லை. எச்சிலைக் கூட்டினார். நெற்றியில் வியர்வை அரும்பியது. தீயின் சூடு என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"நேராத்தான் இருக்கு சார்" என்றார்.

"அப்படியா? எனக்கு..."

"நீங்க நிக்கிற எடம் அப்படி. ஒரு அடி இடப்பக்கம் வந்து பாருங்க."

ஆய்வாளர் ஒரு அடி இடப்பக்கம் வந்தார். தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"ஆமா. இப்ப நேரா இருக்கு."

டிக்.

சான்று வந்தது. முத்திரை குத்தி, தேதி போட்டு. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: 'சக்கரங்களின் வர்ணம் கருகியுள்ளது. உரிமையாளர் பராமரிப்பில் அக்கறை காட்டவும்.'

திரும்பி வரும்போது, வேலி கண்ணிலிருந்து மறைகிற வரை அரைநூலார் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் திருப்பம் வந்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"ஒன்றரை நூல்கா! கடைசி எண் ஒன்றரை நூல் கீழ! குருடனுக்குக்கூடத் தெரியும். அதை நேரா இருக்குன்னு என் வாயால, நான், சொல்லியிருக்கேன்!"

"தெரியும்டா."

"உனக்கும் தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரிஞ்சுது. காத்துக்குத் தெரிஞ்சுது. அந்த ரேடியேட்டர் கடைக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டுச் சிரிச்சார்."

"அப்போ அந்த ஆளுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு? ஒரு அடி நகர்ந்தா கோணல் நேராயிடுமா? நான் சொன்னா நம்பிடறதா? அவரெல்லாம் ஒரு ஆய்வாளரா? நாளைக்கு எவன் எதைக் கொண்டுவந்து நேரா இருக்குன்னு சொன்னாலும் டிக் போட்டுடுவாரே! இதை இப்படியே விடக் கூடாதுக்கா. நிறுத்து வண்டியை."

"எதுக்கு?"

"திரும்பிப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

பின்னால் தளத்திலிருந்து காத்து, "போகச் சொல்லுக்கா, நானும் இறங்கிப் பார்த்துட்டு வரேன்" என்றார்.

அக்கா கியரை மாற்றினார். கரியும் கொப்புளமுமாகக் கிடந்த நான்கு சக்கரங்களும் அரை நூல்கூட ஆடாமல் வேகம் எடுத்தன.